உதட்டில் ஒரு ஸ்க்ரூ

அந்த வட்டாரத்தில் வாஷிங் மெஷின் பழுது பார்க்கும் மெக்கானிக்குக்கு முந்திரிக்கொட்டை என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. அதைச் சொல்லி விசாரித்தால் பக்கத்துக் கடைக்காரரே தலையைச் சொறிவார். முந்திரிக்கொட்டை என்று கேட்டால் தெருவில் எவரும் கையை நீட்டி வழி காட்டுவார்கள்.

காரணம் இல்லாமல் யாரும் பட்டம் கட்டுவதில்லை. போனில் ஒருவர், "மெஷின்ல தண்ணி..." என்று தொடங்கினால் போதும். "பம்ப்ல ஹேர்பின் மாட்டியிருக்கும், சாயங்காலம் வர்றேன்" என்று சொல்லி வைத்துவிடுவார். "சத்தம்..." என்றால் பேரிங். "கதவு..." என்றால் பூட்டு. மறுமுனையில் இருப்பவருக்கு மீதி வார்த்தைகள் தொண்டையிலேயே நிற்கும். சாயங்காலம் வந்து பிரித்துப் பார்த்தால், பாவி மனுஷன், ஹேர்பின்தான் கிடக்கும். அப்புறம் யார் என்ன பேச முடியும்? தப்பாகச் சொல்கிறவன் பட்டுப் பட்டு ஒருநாள் திருந்திவிடுவான். சரியாகச் சொல்கிறவனைத் திருத்துவதுதான் பெரும்பாடு. வருஷக்கணக்காகச் சரியாகவே சொல்லிச் சொல்லி, அடுத்தவர் பேச்சின் பின்பாதி என்பது தேவையில்லாத சங்கதி என்று அவர் மனதில் ஊறிப்போயிருந்தது.

வீட்டிலும் அதே கதைதான். மனைவி கெட்டிக்காரி. கல்யாணமான புதிதிலேயே ஆளை எடை போட்டுவிட்டாள். தனக்குக் கிடைப்பது அரை வாக்கியம்தான் என்று தெரிந்ததும் முக்கியமானதை முன்னால் போட்டுப் பேசப் பழகிக்கொண்டாள். "தீர்ந்துபோச்சு, கேஸ்" என்பாள். "நாளைக்கு வர்றாங்க, உங்க அக்கா" என்பாள். "ஜுரம், பாப்பாவுக்கு" என்பாள். புதிதாகக் கேட்கிறவர்களுக்குத் தந்தி வாசிப்பது போல இருக்கும். அவருக்கு அது வசதியாக இருந்தது. அவள் சுபாவமே அப்படித்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

ஒரே ஒரு தடவைதான் அவள் எல்லோரையும் போல நேராகப் பேச ஆரம்பித்தாள். ஆஸ்பத்திரியில், ஜன்னலோரக் கட்டிலில், ஒரு மத்தியானம். மகள் கால்மாட்டில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"நான் போனதுக்கப்புறம் நீங்க..."

"ஒண்ணும் ஆகாது. கண்டதையும் நினைக்காம படு" என்று முந்திக்கொண்டார் மெக்கானிக்.

பயம்தான், வேறொன்றும் இல்லை. ஆனால் பயத்தில் குறுக்கே விழுவதும் பழக்கத்தில் குறுக்கே விழுவதும் பேச வந்தவருக்கு ஒன்றுதான். அவள் லேசாகச் சிரித்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அதன் பிறகு பேசுகிற நிலையில் அவள் இல்லை.

அந்த அரை வாக்கியம் அவரிடமே தங்கிவிட்டது. தெருவார் பேச்சையெல்லாம் முடித்துவைத்த மனுஷருக்கு இந்த ஒன்றை முடிக்க வரவில்லை. நீங்க பாப்பாகூடப் போய் இருங்க. நீங்க வேளா வேளைக்குச் சாப்பிடுங்க. நீங்க என் துணியெல்லாம் யாருக்காவது குடுத்துடுங்க. ஒவ்வொன்றாகப் பொருத்திப் பார்ப்பார். அவள் குரலில் எதுவும் உட்காராது. கழற்றி வைத்துவிட்டு வேலைக்குக் கிளம்புவார்.

மூன்றாவது மாடியில் அவர் வீடு. ஒரு கூடம், ஒரு படுக்கையறை, இரண்டு பேர் நின்றால் இடித்துக்கொள்ளும் ஒரு சமையலறை. சமையலறை மூலையில் வாஷிங் மெஷின். காலையில் எழுந்ததும் முதல் வேலையாக அதைப் போட்டுவிடுவார். உள்ளே ஒரு சட்டை, ஒரு கால்சட்டை, ஒரு துண்டு. ஒற்றை ஆள் துணிக்குத் தினமும் மெஷின் ஓட்டுவது அநியாயம் என்று வாடிக்கையாளர்களிடம் உபதேசம் பண்ணியவர் அவர்தான். ஆனால் துணிக்காக அவர் அதை ஓட்டவில்லை. வீட்டில் ஏதாவது ஒன்று சத்தம் போட வேண்டியிருந்தது. அது கடகடவென்று சுற்றி ஓயும்வரை வெறும் வயிற்றில் காபியோடு பக்கத்திலேயே நின்றுகொண்டிருப்பார்.

மகள் வெளியூரில் ஒரு கம்பெனியில் வேலை பார்த்தாள். தனியாக ஓர் அறை எடுத்துத் தங்கியிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் போன் செய்வாள்.

"சாப்பிட்டீங்களாப்பா?"

"ஆச்சு. நீ?"

"ஆச்சு."

"வேற?"

"ஒண்ணுமில்லப்பா."

"சரி, வைக்கட்டுமா?"

அவ்வளவுதான். இந்த ஒண்ணுமில்லப்பா ஒரே நாளில் முளைத்ததல்ல. அம்மா போன புதிதில் மகள் நிறையச் சொல்லத்தான் வந்தாள். "ராத்திரி தூக்கமே..." என்றாள். "போனைத் தூர வச்சிட்டுப் படு, தூக்கம் தானா வரும்" என்றார். "ஆபீஸ்ல என்னை..." என்றாள். "நாலு பேர் நாலு விதமாதான் பேசுவாங்க, நீ உன் வேலையைப் பாரு" என்றார். "அம்மா ஞாபகம்..." என்றாள். "அதையே நினைச்சிட்டு உக்காராதே, மனசை வேற எதுலயாவது போடு" என்றார். எல்லாமே பழுதில்லாத புத்திமதி. ஒவ்வொரு புத்திமதிக்கும் அந்தப் பக்கம் ஒரு கதவு சாத்திக்கொண்டது. கடைசியில் சாப்பாட்டுக் கதவு மட்டும் திறந்திருந்தது, அதுவும் ஒருக்களித்து.

போனை வைத்த பிறகு ஞாயிற்றுக்கிழமை முழுக்க அவர் முன்னால் நீட்டி நிமிர்ந்து படுத்துக் கிடக்கும். மகளுக்கு ஏதோ பாரம் இருக்கிறது என்று குரலிலேயே அவருக்குத் தெரிந்தது. பேரிங் தேய்வதைக் கேட்டே சொல்லிவிடுகிற காதுக்கு அதுகூடவா தெரியாது? அவருக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். அந்த ஒண்ணுமில்லப்பாவைத் தாண்டி அவள் ஒரு வார்த்தை பேச வேண்டும். அதற்கு என்ன செய்வது என்றுதான் பிடிபடவில்லை.

அவர் வேலை செய்த சர்வீஸ் கடையின் முதலாளி சுயமுன்னேற்றத்தில் பெரிய பற்றுள்ளவர். தினமும் விடிவதற்குள் எல்லோருக்கும் போனில் ஒரு பொன்மொழி அனுப்பிவிடுவார். உதிக்கிற சூரியன், அதன் முன்னால் கையை விரித்து நிற்கும் ஓர் ஆள், கீழே நாலு வரி. சூரியனுக்கு முன் எழு. பச்சைத் தண்ணீரில் குளி. கண்ணாடியைப் பார்த்து, நான் மாறிவிட்டேன் என்று சொல். இத்தனையும் அனுப்பிவிட்டு முதலாளி பத்து மணிக்குக் கண்ணைக் கசக்கிக்கொண்டு கடைக்கு வருவார் என்பது வேறு விஷயம்.

மெக்கானிக் இதையும் விட்டுவைக்கவில்லை. இருட்டோடு எழுந்தார். பச்சைத் தண்ணீரில் குளித்தார், தும்மினார். கண்ணாடியைப் பார்த்து, "மாறிட்டேன்" என்றார். கண்ணாடியில் இருந்த ஆள் நம்பவில்லை. சீக்கிரம் எழுந்ததில் அவருக்குக் கிடைத்த ஒரே லாபம், தனியாக இருப்பதற்கு இன்னும் கொஞ்சம் நேரம். அதையும் வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியாமல், சில நாளிலேயே பழையபடி தூங்க ஆரம்பித்தார்.

அவரைத் திருப்பியது ஒரு பூனையின் கம்பளி.

இரண்டு தெரு தள்ளி, மாடிவீட்டில் ஓய்வு பெற்ற நர்ஸ் அம்மா ஒருவர் ஒரு பூனையோடு இருந்தார். நிதானமாகப் பேசுகிறவர். ஒரு வாக்கியத்தைத் தொடங்கி, நடுவில் பூனையைத் தடவிக்கொடுத்து, பிறகு முடிப்பார். "மெஷின் சுத்தும்போது இடத்தை விட்டு நடக்குது..." என்று போன் செய்தார். "ஷாக் போயிருக்கும்மா" என்று இவர் போய் அதிர்வைத் தாங்கும் கம்பிகளை மாற்றினார். வெறும் மெஷினைச் சுற்றவிட்டுக் காட்டினார். கம்மென்று சுற்றியது. அடுத்த வாரம் மறுபடி போன். "நடக்குதுப்பா, ஆனா..." "புரிஞ்சுதும்மா, பேரிங்" என்று டிரம்மையே இறக்கிப் பேரிங்கை மாற்றினார். அதற்கும் அடுத்த வாரம் மறுபடி போன். ஒரே மெஷினுக்குத் திரும்பத் திரும்பப் போவது இந்தத் தொழிலில் மானக்கேடு. கடையில் முதலாளி வாயைத் திறக்கவில்லை, மூக்கை மட்டும் உறிஞ்சினார்.

கடுப்போடு போனார். பின்பக்கத் தகட்டைக் கழற்றினார். கழற்றுகிற ஸ்க்ரூக்களை உதட்டில் கவ்விக்கொள்வது அவர் தொழில் கற்ற காலத்திலிருந்து வந்த வழக்கம். கீழே வைத்தால் உருண்டு மெஷினுக்கு அடியில் போய்விடும், சட்டைப்பையில் போட்டால் குனியும்போது கொட்டும். வாய்தான் பத்திரமான இடம். அப்படி உதடு நிறைய ஸ்க்ரூவோடு குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்த நேரம் பார்த்து நர்ஸ் அம்மா ஆரம்பித்தார்.

"எல்லா நாளும் நடக்கறதில்லப்பா."

மெக்கானிக்கின் நாக்கு துடித்தது. மின்சாரம் ஏறி இறங்குதும்மா என்று சொல்ல வந்தது. திறந்தால் ஸ்க்ரூ சிதறும். பல்லைக் கடித்துக்கொண்டார்.

நர்ஸ் அம்மா பூனையைத் தடவினார். "மத்த நாள்ல துணி போட்டா சாதுவாதான் சுத்துது."

வாய் பூட்டியே இருந்தது.

"இவன் படுக்கற கம்பளி இருக்கு பாருங்க, அதை மட்டும் தனியாதான் போடுவேன். முடி மத்த துணியில ஒட்டிக்கும்ல. அன்னைக்கு மட்டும்தான் தங்குதங்குன்னு குதிச்சு வாசல் வரைக்கும் வந்துடுது."

மெக்கானிக் ஸ்க்ரூக்களை ஒவ்வொன்றாக உள்ளங்கையில் துப்பினார்.

"இதை ஏம்மா முதல்லயே சொல்லலை?"

"சொல்லத்தான்பா வந்தேன்" என்றார் நர்ஸ் அம்மா. கோபமே இல்லை அந்தக் குரலில். ஊசி போட்ட இடத்தைத் தேய்த்துவிடுவது போல இருந்தது.

மெஷினில் ஒரு பழுதும் இல்லை. தடித்த துணியைத் தனியாகப் போட்டால் ஈரத்தில் ஒரே பக்கம் சுருண்டுகொள்ளும், சுற்றும்போது பாரம் ஒருபக்கமாக இழுக்கும், மெஷின் தடுமாறத்தான் செய்யும். "கூட ரெண்டு பழைய துண்டு போடுங்கம்மா, சரியாயிடும்" என்றார். தொழிலில் முதல் வாரம் கற்றுத்தருகிற பாடம் அது. படி இறங்கும்போது காது இரண்டும் சுட்டது. நல்ல கம்பிகளையும் நல்ல பேரிங்கையும் கழற்றி எறிந்தது உறுத்தியது. அதைவிட, இரண்டாம் தடவை அந்த அம்மா "ஆனா..." என்று இழுத்தது இப்போதுதான் காதில் விழுந்தது.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அவருக்கு மகள் ஞாபகம். "ராத்திரி தூக்கமே..." என்றாளே. அதற்குப் பின்னால் என்ன இருந்தது? "ஆபீஸ்ல என்னை..." என்றாளே. என்ன செய்தார்கள் அவளை? தூக்கம் என்று காதில் விழுந்ததும் போனைத் தூர வை என்று கழற்றி மாட்டியாயிற்று. நல்ல பேரிங்கைக் கழற்றிய கதைதான். வாசற்கதவைத் திறந்து, விளக்கைப் போடாமல் கொஞ்ச நேரம் செருப்போடு நின்றுகொண்டிருந்தார்.

மறுநாளிலிருந்து சட்டைப்பையில் ஒரு ஸ்க்ரூ. சின்னதாய், முனை மழுங்கியதாய்ப் பார்த்து எடுத்துக்கொண்டார். யாராவது பேச வாயெடுத்தால் அதை எடுத்து உதட்டில் வைத்துக்கொள்வார். அவர்கள் முடித்த பிறகுதான் வெளியே எடுப்பார். இவ்வளவுதான் பழக்கம். சூரியனுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. எந்த நேரமும் செய்யலாம், யாரிடமும் சொல்லிக்கொள்ள வேண்டியதில்லை.

சொல்வதற்குச் சுலபம். முதல் சில நாள் அவருக்கு விழி பிதுங்கியது. வாய்க்குள் இரும்பு ருசி. பக்கத்துக் கடைக்காரர் "பல்வலியா?" என்றார். ஒரு வாடிக்கையாளர், இந்த ஆள் எதையாவது முழுங்கித் தொலைக்கப் போகிறார் என்று பயந்து, தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். பெரிய வேடிக்கை முதலாளிதான். "அந்தப் பழைய மெஷினை..." என்று ஆரம்பித்து, வழக்கம் போல நிறுத்தினார். மெக்கானிக் குறுக்கே விழவில்லை. முதலாளி காத்துப் பார்த்தார். நெற்றியைச் சுருக்கினார். இத்தனை வருஷத்தில் தன் பேச்சின் பின்பாதியை அவர் ஒருநாளும் யோசித்து வைத்ததே இல்லை. "என்னவோ செய்யுங்க" என்று உள்ளே போய்விட்டார்.

முடிவெட்டுகிறவர் கதை அப்படி இல்லை. வருஷக்கணக்காக "உங்க பின்னந்தலையில..." என்று ஆரம்பிப்பார். "தெரியும், வழுக்கை விழுது, விடுங்க" என்று இவர் அடக்கிவிடுவார். இந்தத் தடவை ஸ்க்ரூவைக் கவ்விக்கொண்டு பேசாமல் உட்கார்ந்திருந்தார். "உங்க பின்னந்தலையில இருக்கற சுழி அப்படியே எங்க அண்ணனுக்கு இருந்த மாதிரிங்க" என்றார் அவர். "வெட்டும்போதெல்லாம் அவன் ஞாபகம் வரும். போய்ச் சேர்ந்துட்டான்." அப்புறம் கத்தரிக்கோல் சத்தம் மட்டும் கேட்டது. மெக்கானிக் கண்ணாடியில் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு மனுஷர் மாசாமாசம் தன் தலையைத் தொட்டுக்கொண்டு செத்துப்போன அண்ணனை நினைத்திருக்கிறார், தனக்கு அது தெரியவே இல்லை.

தெருவிலும் கடையிலும் தேறினாலும் ஞாயிற்றுக்கிழமை மட்டும் தேறவில்லை. முதல் ஞாயிறு, சட்டையை மெஷினில் போட்டுவிட்டிருந்தார். ஸ்க்ரூ அதற்குள் கடகடவென்று உருண்டுகொண்டிருந்தது. மகள் "இந்த வாரம் லீவு..." என்றாள். "லீவெல்லாம் வீணாக்காதே, பின்னால உதவும்" என்று வாய் ஓடிவிட்டது. "சரிப்பா" என்று அவள் வைத்த பிறகுதான் உறைத்தது. லீவு போட்டு இங்கே வருகிறேன் என்று சொல்ல வந்தாளோ என்னவோ. மெஷின் ஓய்ந்ததும் ஸ்க்ரூவைத் தேடி எடுத்து, சமையல் மேடையில் வைத்து, அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அன்றைக்கு மத்தியானம் அவர் சாப்பிடவில்லை.

அடுத்த ஞாயிறு ஸ்க்ரூ இருந்தது. உதட்டை இறுக்கிக்கொண்டார். அவள் அலுவலகத்தில் மேசையை வேறு மூலைக்கு மாற்றியதைப் பற்றி ஏதோ சொன்னாள். இவர் உம் கொட்டினார். கொஞ்ச நேரத்தில் அவளே நிறுத்திவிட்டு, "டிவி பாக்கறீங்களாப்பா?" என்றாள். அவர் பார்க்கவில்லை. ஆனால் அவள் கேட்டதிலும் தப்பில்லை. வாய்தான் மூடியிருந்தது. உள்ளே அவர், அந்த மூலையில் காற்று வருமா, முதுகு வலிக்குமா, மேலதிகாரியிடம் எப்படிக் கேட்பது என்று பதிலை அடுக்கிக்கொண்டே இருந்தார். உம் என்பதில்கூட அந்த அவசரம் இருந்திருக்கிறது. அவள் காதும் அவருடைய காதுதானே, கேட்டுவிட்டது.

வாயைப் பூட்டுவது பாதி வேலைதான் என்று அப்போது புரிந்தது. மீதிப் பாதியை எங்கே போய்க் கற்பது? எல்லாம் விட்டுவிடலாமா என்றுகூட இருந்தது. நடுவயது தாண்டிய ஆள் ஸ்க்ரூவைச் சப்பிக்கொண்டு திரிவதை நினைத்தால் அவருக்கே சிரிப்பாகவும் அழுகையாகவும் வந்தது. ஆனாலும் காலையில் சட்டையை மாட்டும்போது கை தானாகப் பையைத் தடவிப் பார்த்துக்கொண்டது. பழக்கம் என்பது அப்படித்தான். மனசு சோர்ந்த நாளிலும் கை அதுபாட்டுக்கு வேலையைப் பார்க்கும்.

அந்தச் சமயத்தில் கடைக்குப் புதுமாதிரி மெஷின் ஒன்று வந்தது. உள்ளே என்ன எங்கே இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. அவர் அதைப் பிரித்ததில்லை. மூடியின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு ஓடவிட்டார். எங்கே அதிர்கிறது, எப்போது இழுக்கிறது, எந்த இடத்தில் தயங்குகிறது என்று கை மட்டும் கவனித்துக்கொண்டிருந்தது. ஓடி முடிந்த பிறகுதான், இவ்வளவு நேரமாக மனசில் ஒரு வார்த்தையும் ஓடவில்லை என்று அவருக்கு உறைத்தது. தெரியாது என்பதால்தான் கேட்டிருக்கிறார். தெரிந்த மெஷின் என்றால் சத்தம் வருவதற்கு முன்பே தீர்ப்பு எழுதியிருப்பார்.

பெற்ற மகளைப் பிரிக்காத மெஷின் என்று நினைப்பது அழகில்லைதான். என்ன செய்வது, அவருக்குத் தெரிந்த பாஷை அதுதான். யார் பேச வந்தாலும் இனி ஒரு தடவை உள்ளே சொல்லிக்கொள்வார், இதை நான் பிரித்துப் பார்த்ததில்லை என்று. முதலில் வாடிக்கையாளர்களிடம் பழகினார். வழுக்கி விழுந்தார், மறுபடி பழகினார். நர்ஸ் அம்மா ஒருநாள் போன் செய்து, துண்டு போட்டதிலிருந்து மெஷின் இடத்தை விட்டு அசையவில்லை என்று சொல்ல ஆரம்பித்து, பூனையின் அஜீரணம் வரைக்கும் போய்த் திரும்பி வந்தார். கடைசிவரை கேட்டுக்கொண்டு நின்றார் மெக்கானிக். வைக்கும்போது அந்த அம்மா, "நல்லா இருங்கப்பா" என்றார். அவர் வீட்டுப் பக்கம் அப்படி ஒரு வார்த்தை வந்து நாளாகியிருந்தது.

மழை பிடித்த ஒரு ஞாயிற்றுக்கிழமை. மெஷினில் சட்டையும் கால்சட்டையும் துண்டும் பாதி நனைந்து சுற்றிக்கொண்டிருந்தன. போன் அடித்ததும் மெஷினை நிறுத்தினார். சமையலறை ஸ்டூலில் உட்கார்ந்து, ஸ்க்ரூவை உதட்டில் வைத்துக்கொண்டார்.

"சாப்பிட்டீங்களாப்பா?"

"ம்."

"எனக்கும் ஆச்சு."

வேற என்று அவர் கேட்கவில்லை.

"ஒண்ணுமில்லப்பா" என்று மகளே சொன்னாள், பழக்கதோஷத்தில்.

வைக்கட்டுமா என்று கேட்க வேண்டிய இடம் அது. அவர் கேட்கவில்லை. ஜன்னல் தகரத்தில் மழை விழுந்துகொண்டிருந்தது.

"அப்பா? இருக்கீங்களா?"

ஸ்க்ரூவை எடுத்தார். "இருக்கேன் பாப்பா." மறுபடி வைத்துக்கொண்டார்.

கொஞ்ச நேரம் அவள் மூச்சு மட்டும் கேட்டது. பிறகு, "எனக்கு அம்மா குரல் மறந்துட்டு வருதுப்பா" என்றாள்.

அதையே நினைச்சிட்டு உக்காராதே என்பது தொண்டைவரை ஏறி வந்தது. இதை நான் பிரித்துப் பார்த்ததில்லை என்று சொல்லிக்கொண்டார். அது இறங்கிப் போயிற்று.

"முகமெல்லாம் அப்படியே இருக்கு. குரல்தான் நழுவுது. அதான் ராத்திரி தூக்கம் வராது. போன்ல தேடிட்டே இருப்பேன். எதுலயும் அம்மா முழுசா பேசினது இல்ல. என் பிறந்தநாள் வீடியோவுல 'அணைங்க, லைட்டை'ன்னு சொல்லுவாங்க. அது ஒண்ணுதான் இருக்கு. அதையேதான் போட்டுப் போட்டுக் கேப்பேன்."

அவர் அசையவில்லை.

"அம்மா என்கிட்ட அப்படிப் பேச மாட்டாங்கப்பா. தெரியுமா உங்களுக்கு? நீங்க வேலைக்குக் கிளம்பினதும் ஆரம்பிப்பாங்க. ஒரு விஷயத்தைச் சொல்ல அரை மணி நேரம். எங்கயோ ஆரம்பிச்சு எங்கயோ போயி, குரலை மாத்தி நடிச்சு, சிரிச்சுச் சிரிச்சுக் கண்ணுல தண்ணி வந்துடும். படியில உங்க செருப்புச் சத்தம் கேட்டா நிறுத்திடுவாங்க."

ஸ்க்ரூ பல்லில் நறுக்கென்று இடித்தது. தான் இத்தனை வருஷம் குடித்தனம் நடத்திய பெண் வேறு, மகள் சொல்கிற பெண் வேறு. அந்த இன்னொருத்தியை அவர் ஒருநாளும் சந்திக்கவில்லை. இனியும் முடியாது. கண் நிறைந்து வழிந்தது, துடைக்கவில்லை. ஏன் இதையெல்லாம் சொல்கிறாய் என்று கேட்கவும் இல்லை.

"ஆஸ்பத்திரியில அன்னைக்கு அம்மா உங்ககிட்ட ஏதோ சொல்ல வந்தாங்களே" என்றாள் மகள். "அது என்னன்னு உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்னு நினைச்சேன். உங்களுக்குத்தான் எல்லார் பேச்சும் பாதியிலேயே தெரிஞ்சிடுமே. கேக்கத்தான் ஒவ்வொரு வாரமும் போன் பண்ணுவேன். பயமா இருக்கும். வச்சிடுவேன்."

அவர் ஸ்க்ரூவை எடுத்து உள்ளங்கையில் மூடிக்கொண்டார்.

"தெரியலை பாப்பா" என்றார்.

ஏதாவது ஒன்றைச் சொல்லி அவளைத் தேற்றியிருக்கலாம். உன்னைப் பாத்துக்கச் சொல்லத்தான் வந்திருப்பா என்று சொன்னால் அவளும் நம்பியிருப்பாள். அவர் சொல்லவில்லை. அது மனைவியின் வாக்கியம். அவள் விட்ட இடத்திலேயே அது இருக்கட்டும் என்று தோன்றிற்று.

மகள் அழுகிறாள் என்று தெரிந்தது. அழாதே என்று சொல்லாமல் உட்கார்ந்திருந்தார். அழுது ஓய்ந்ததும் அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

"நீங்க எப்படிப்பா இருக்கீங்க?" என்றாள்.

சாப்பிட்டீங்களா என்றுதான் அவள் எப்போதும் கேட்பாள். இதைக் கேட்டதில்லை. எனக்கென்ன, நல்லா இருக்கேன் என்ற பதில் பையில் தயாராகத்தான் இருந்தது. எடுக்கக் கை வரவில்லை.

"வீட்ல..." என்றார். அதற்கு மேல் வரவில்லை.

அவர் பெற்ற மகள் அவள். முந்திக்கொண்டு ஒன்றைச் சொல்லி மூடியிருக்கலாம். ஆள் வச்சுக்கோங்க என்றோ, இங்க வந்துடுங்க என்றோ சொல்லியிருக்கலாம். அவள் ஒன்றும் சொல்லவில்லை. காத்திருந்தாள். மூலையில் மெஷினுக்குள் அவருடைய ஒற்றைச் சட்டை ஈரத்தோடு ஒருபக்கமாகச் சுருண்டு கிடந்தது.

"வீட்ல சத்தமே இல்ல பாப்பா."

"சொல்லுங்கப்பா" என்றாள் மகள்.